ஓடுகிற விசிறிக்கு எடை இல்லை

பாசமும் கொஞ்சம் சந்தேகமும் கலந்த அக்காவுக்கு,

உன் உடன்பிறந்த தொல்லை எழுதுவது. நான் நலம், வீடு நலம். அம்மாவின் போக்குதான் சரியில்லை.

அம்மா நடத்தும் மறுசுழற்சி மையத்துக்கு எதிர்காலத் திட்டம் போட ஓர் அதிகாரி வந்தார். சுழற்சிப் பொருளாதாரம் என்று அவர் பேசப் பேச எங்களுக்குத் தலைதான் சுழன்றது. எந்த மையம் நீடிக்கும், எதற்குப் பூட்டு என்று ஆண்டு முடிவில் சொல்வார்களாம். போகும்போது அவர் முதுகில் ‘மறுசுழற்சிக்கு உகந்தது’ என்ற ஸ்டிக்கர் எப்படியோ ஒட்டியிருந்தது. என்னைக் கேட்காதே.

அன்றிலிருந்து பழுதுபார்க்கும் மேசை மூலைக்குப் போய்விட்டது. ஒற்றைச் செருப்புக்கும் ஜோடி தேடும் நம் அம்மாவா இது? மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போனதும் பின்பக்கம் டம் டம் என்று சத்தம். கேட்டால் உன் வேலையைப் பார் என்கிறாள். அடுத்தவர் வேலையைப் பார்ப்பதுதானே என் வேலை?

நேற்று அட்டைப்பெட்டிக் குவியலுக்குள் ஒளிந்துகொண்டேன். அம்மா ஒரு மேசை விசிறியை மாட்டி ஓடவிட்டாள். ஜோராக ஓடியது. நிறுத்தினாள், துணியால் துடைத்தாள், சுத்தியலால் ஒரே போடு. நான் குதித்து வந்து கையைப் பிடித்தேன். திட்டவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“சரி பண்ணிக் குடுத்தா அது தராசுல ஏறாதுடா. ஒடச்சாத்தான் எடை. எடை இருந்தாத்தான் நமக்கு மையம்” என்றாள்.

புதுத் திட்டத்தில் எடைக்கு மட்டும்தான் மதிப்பெண்ணாம். பழுதுபார்த்துத் திருப்பிக் கொடுத்தால் முட்டை.

இப்படி ஒரு விதியை எந்தப் புண்ணியவான் எழுதினான் என்று கேட்டேன். அம்மா குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கினாள். பிறகு, அக்காவுக்கு இதையெல்லாம் எழுதாதே, அவளுக்கு ஆபீஸில் ஆயிரம் வேலை என்றாள். உன் ஆபீஸும் திட்டம் போடும் ஆபீஸ்தானே? வந்த அதிகாரி உன்னைத் தெரியும் என்று சிரித்தபோது அம்மா சட்டென்று அவருக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனதும் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

எழுதியது யார் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. யாராயிருந்தாலும், பழுதுபார்த்ததையும் கணக்கில் சேர்க்கும்படி ஒரு வரி எழுதச் சொல். சீக்கிரம் சொல். இன்று யாரோ ஒரு தையல் மெஷினைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். நல்ல இரும்பு, நல்ல கனம், அருமையாகத் தைக்கிறது. அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வருகிறாள்.

உன்னை நம்பவே விரும்பும்
தம்பி