பக்கத்து சீட்டு பிரேக்

மார்ச் 3, செவ்வாய்

வெள்ளிக்கிழமை ஒட்டகம் வீட்டுக்குப் போகிறோம். இவள் இன்றைக்கே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். என் அக்கா வீட்டுக்கு என்றால், கிளம்பும் நிமிடத்தில்கூட சீப்பைக் காணோம், துண்டைக் காணோம் என்று இழுப்பவள்!

கல்லூரியில் நாங்கள் மூவரும் ஒரே வகுப்பு. அவனுக்குக் கழுத்து நீளம், அதனால் ஒட்டகம். அப்போது எங்கள் இருவரையுமே இவள் 'டா' போட்டுத்தான் கூப்பிடுவாள். கல்யாணம் ஆனதும் நான் 'என்னங்க' ஆகிவிட்டேன். அவன் மட்டும் இன்னும் 'டா'வாகவே இருக்கிறான். எனக்குக் கிடைத்தது மரியாதையா, தண்டனையா?

மார்ச் 5, வியாழன்

மறுபடியும் அதே பேச்சு. இவள் வேலை பார்க்கும் பிசியோதெரபி நிலையத்தில், நோயாளிகளின் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுக்க ஆள் தேடுகிறார்கள். சொந்தமாக வண்டி ஓட்டத் தெரிய வேண்டும்.

"அடுத்த மாசத்துக்குள்ள லைசென்ஸ் வாங்கலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. எப்பதாங்க சொல்லிக் குடுப்பீங்க?"

பழகுநர் உரிமம் வாங்கி எத்தனையோ நாளாகிறது. நானோ ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். வாசலில் டிரைவிங் ஸ்கூல் பலகையே தொங்குகிறது. நாள் முழுக்க அடுத்தவர்களின் கிளட்சோடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டிலும் அதையே செய்ய அலுப்பாக இருக்கிறது. அப்படித்தான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

"போயிட்டு வந்து பாத்துக்கலாம்" என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

வந்து சேர்ந்தோம். எங்களிடம் வேறு கார் ஏது? தலையில் பலகை வைத்த பயிற்சிக் கார்தான். பின்னால் வந்தவர்கள் எல்லாம் நான் இன்றைக்குத்தான் பழகுகிறேன் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். பின்சீட்டில் இருந்த எங்கள் சின்னவன் ஒரு ஷூவை ஜன்னல் வழியாக வீசிவிட்டு, வெகுதூரம் வந்த பிறகு சாவகாசமாகச் சொன்னான். திரும்பிப் போய்த் தேடி எடுத்தோம். பெரியவள் என் முதுகில் வாந்தி எடுத்தாள்.

வழி எனக்கு அத்துப்படி. ஆனாலும் இவள் ஒட்டகத்துக்குப் போன் போட்டு, "அடுத்த திருப்பம் எதுடா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பெட்ரோல் பங்கில் இறங்கி முகம் கழுவித் தலைவாரிக்கொண்டாள். நான் வேலை முடிந்து வரும்போது இதெல்லாம் உண்டா? கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

சொந்த வீடு, தோட்டம், மாடியில் ஊஞ்சல். அவன் மனைவி, டீச்சர், நல்ல மாதிரி. பழைய கதை பேசி இவளும் ஒட்டகமும் விழுந்து விழுந்து சிரிக்க, "இவங்க சேந்தா நம்மள மறந்துடுவாங்க, நீங்க சாப்பிட வாங்கண்ணே" என்றாள். டீச்சருக்கு எரியவே எரியாதா? எனக்கு மட்டும்தானா?

மார்ச் 7, சனி

மதியம் தூங்கி எழுந்தால் இவளைக் காணோம். "அம்மாவும் ஒட்டக மாமாவும் கார்ல போயிட்டாங்க" என்றாள் பெரியவள். டீச்சரிடம் விசாரித்தேன். வீட்டுக்குப் பின்னாலேயே காலி மைதானம் இருக்கிறதாம்.

நடந்து போனேன். அவன் கார் மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டியது இவள். கியர் மாற்றியதில் ஒரு குறை சொல்ல முடியாது, நானே பார்த்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். சாலையைக்கூடப் பார்க்கவில்லை. என்ன தைரியம்! அவன் ஏதோ சொல்ல, அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் கேட்டு வருஷங்கள் ஆகின்றன.

"டேய் வாத்தியாரே! உன் பொண்டாட்டி சூப்பரா ஓட்டறா. இத்தனை நாளா நீ என்னத்தடா கிழிச்ச?" என்று கத்தினான்.

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது. எழுதினால் என்ன, என் நோட்டுதானே — பற்றி எரிந்தது.

மார்ச் 8, ஞாயிறு

திரும்பும் வழியில் ஆளில்லாத சாலை வந்தது. "கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமாங்க?" என்றாள். ஆசையாகக் கேட்டாள். நான் பக்கத்து சீட்டுக்கு மாறினேன்.

நன்றாகத்தான் ஓட்டினாள். "ஒட்டகம் சொன்ன மாதிரி கிளட்ச மெதுவா விட்டா வண்டி தானா போகுதுங்க!"

ஒட்டகம் சொன்ன மாதிரி.

எங்கள் காரில் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு, வாத்தியாருக்கு. மாணவர் தடுமாறும்போது காப்பாற்றுவதற்காக. அவள் அடுத்த முறை வண்டியைக் கிளப்பியபோது அதைக் கால் கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. புதிதாக ஓட்டுபவர்கள் வண்டி நின்றால் தங்களைத்தான் நொந்துகொள்வார்கள், பக்கத்தில் இருப்பவனின் காலைப் பார்க்க மாட்டார்கள். இது என் தொழில், எனக்குத் தெரியும்.

"ஐயோ, சாரிங்க" என்றாள்.

மறுபடி கிளப்பினாள். மறுபடி அழுத்தினேன். அதற்குப் பிறகு அவள் ஒட்டகத்தின் பேரை எடுக்கவே இல்லை. ஆனாலும் அழுத்தினேன்.

பின்னாலிருந்து பெரியவள், "அப்பா, உன் கால் ஏன் ஆடுது?"

"மரத்துப்போச்சுடா கண்ணு."

கடைசியில் ஓரமாக நிறுத்தி இறங்கிவிட்டாள். "நேத்து ஏதோ குருட்டாம்போக்குல வந்துருக்கு போல." விடு, போகப் போகப் பழகிடும் என்றேன். என் குரலில்தான் எத்தனை அன்பு! த்தூ.

மார்ச் 9, திங்கள்

இன்று மாணவர் ஒருவருக்கும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

மார்ச் 12, வியாழன்

பிள்ளைகளின் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு அந்த வேலைய வேணாம்னு சொல்லிடறேங்க. எனக்கு வண்டி வராது. பிள்ளைங்களோட உயிர வெச்சு விளையாடக் கூடாதில்ல."

அழவில்லை. சின்னவனின் சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேனோ என்னவோ.

"நீ தப்பா ஓட்டல. நான்தான் பிரேக்க மிதிச்சேன்."

அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"எப்ப?"

"வண்டி நின்னப்பல்லாம்."

கையில் இருந்த சட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஏன்டா?"

இத்தனை வருஷம் கழித்து அந்த 'டா' கிடைத்தது. இப்படியா கிடைக்க வேண்டும்? ஒட்டகம், சிரிப்பு, மைதானம் என்று எதையெதையோ உளறினேன். வெளியே வந்ததும் எனக்கே அசிங்கமாக இருந்தது. "அவன் பிரெண்டுடா" என்று மட்டும் சொன்னாள். மீதித் துணியை மடிக்காமலே எழுந்து போனாள்.

மார்ச் 13, வெள்ளி

வேலையை வேண்டாம் என்று சொல்லவில்லையாம். போனில் யாரிடமோ பேசியது காதில் விழுந்தது. என்னிடம் பேச்சே இல்லை.

மார்ச் 20, வெள்ளி

அடுத்த தெருவில் எனக்குப் போட்டியாகப் பள்ளி நடத்தும் மீசைக்காரர் தேடி வந்தார்.

"தம்பி, உங்க வீட்டம்மா நம்மகிட்ட சேந்துருக்காங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியுமே. நான்தான் அனுப்பினேன். வீட்டு ஆளுங்களுக்கு நாமளே சொல்லிக் குடுத்தா சரிப்படாதில்ல" என்றேன்.

மீசையைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். நம்பவில்லை. மானம் கப்பலேறிவிட்டது. நாளைக்கு என் மாணவர்களே சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இன்று காலை அவர் காரில் எங்கள் தெரு வழியாகத்தான் ஓட்டிப் போனாள். என் பக்கம் திரும்பவில்லை. வண்டி ஒரு இடத்திலும் குலுங்கவில்லை. அந்த மீசைக்குக் கற்றுக்கொடுக்கத் தெரிகிறது, பாவி.

ஏப்ரல் 21, செவ்வாய்

மதியம் ஒட்டகம் கூப்பிட்டான். "என்னடா, பார்ட்டி எப்ப?"

"எதுக்கு?"

"நடிக்காதடா! லைசென்ஸ் டெஸ்ட்ல பாஸாமே. இப்பதான் போன் பண்ணினா."

முதல் போன் அவனுக்கு. எரிந்தது, எரியாமல் இருக்குமா? ஆனால் பாஸாகிவிட்டாள். அவளுக்கு அந்த வேலை உண்டு. "வாடா, வெச்சிடலாம்" என்றேன்.

மாலையில் நான் கூடத்தில் இருந்தேன். அவள் சமையலறையிலிருந்து பெரியவளிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும்படியாக: "அப்பாகிட்ட சொல்லு, நாளைக்குக் காலைல அம்மாவுக்கு வண்டி வேணுமாம். புது வேலைக்கு மொத நாளு."

"சரின்னு சொல்லு" என்றேன். காலை வகுப்புக்காரர்களுக்குப் போன் செய்து மதியம் வரச் சொன்னேன். பிறகு, "துணைக்கு நான் வரட்டுமான்னு கேட்டுட்டு வா" என்றேன்.

பெரியவள் உள்ளே போனாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

"வரலாமாம்ப்பா. ஆனா பின்சீட்லயாம்."