லாபக்காய் கணக்கு

பிப்ரவரி 2, ஞாயிறு
சம்பந்தி வீட்டுக் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, கைபேசியில் ஒரு விடுகதைக்கு விடை தேடினேன். கோயில் விழா மேடைகளில் விடுகதை போட்டு ஊரையே திணறடிக்கிற அதே நான்தான்! தாராபுரத்தில் அந்த மூலைக்கு சிக்னலும் வரவில்லை.

"ஏனுங்க சம்பந்தி, வயித்துக்கு முடியலீங்களா? ஓமத்தண்ணி கொண்டாரட்டுங்களா?" வெளியே நாச்சியம்மாள். கரிசனம்தான். ஆனால் சிரித்துக்கொண்டே வருகிற கரிசனம்.

சண்டை பேத்தியின் பெயருக்கு. எனக்கு 'இதழினி'. (வெள்ளிக் கிண்ணத்தில் பொறித்தே விட்டேன். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.) நாச்சியம்மாளுக்கு அவர்கள் சாமி பெயர், 'அங்காத்தாள்'. மருமகள் கனிஷ்கா அழாத குறை. மகன் தீபக், "அவங்க ஒரு விடுகதை போடட்டும். நீ அவுத்தா உன் பேரு, இல்லாட்டி அவங்க பேரு" என்று நழுவிவிட்டான். விடுகதைதானே என்று நானும் பாய்ந்தேன். அதற்குள் கணக்கு இருக்கும் என்று யார் கண்டது?

நாச்சியம்மாள் தேங்காய் மண்டி முதலாளி. வெற்றிலையை மடித்தபடியே போட்டார்: "ஒரு யாவாரி மூணு சந்தைக்குப் போனானுங்க. ஒவ்வொரு சந்தையிலயும் பாதிக் காயை வித்தான், மேல லாபக்காய் ஒண்ணு கொசுறாக் குடுத்தான். ஊடு வந்தா கையில ஒரே காய். கொண்டுபோனது எத்தனைங்க?"

பெயர் வைக்கும் நாளுக்குள் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 4
புளியங்கொட்டையைப் பரப்பி உட்கார்ந்தேன். "ஏனம்மணி, ரசத்துக்குப் புளி கேட்டா கொட்டைய எண்ணீட்டு இருக்கறே?" என்றார் இவர். பின்னாலிருந்து போனால் வழி தெரிகிறது! மிஞ்சியது ஒன்று, லாபக்காய் ஒன்று, ஆக இரண்டு. அது பாதி என்றால் முழுசு நான்கு. அதேபோல் பத்து. அப்புறம் இருபத்திரண்டு.

இதழினிக் கண்ணு, அப்பத்தா ஜெயிச்சுப்போட்டேன்!

பிப்ரவரி 9
பெயர் வைக்கும் நாள். உறவுக்கூட்டத்தின் நடுவே, "இருபத்திரண்டு" என்றேன், மைக் இல்லாத குறையாக.

"பள்ளிக்கூடத்துல செரிங்க. களத்துல தப்புங்க" என்றார் நாச்சியம்மாள். "லாபக்காயை மொதல்ல எடுத்து வெச்சுப்போட்டுத்தானுங்க மிச்சத்தைப் பாதியாக்குவோம். பதினஞ்சுங்க."

மனசுக்குள் ஓட்டினேன். பதினைந்தில் ஒன்று போனால் பதினான்கு, பாதி ஏழு. ஏழில் ஒன்று போனால் ஆறு, பாதி மூன்று. மூன்றில் ஒன்று போனால் இரண்டு, பாதி ஒன்று. அடேயப்பா! என்ன மூளை! தோற்றவள் கைதட்டலாமா? தட்டிவிட்டேன்.

அங்காத்தாள், அங்காத்தாள், அங்காத்தாள் என்று குழந்தையின் காதில் சொன்னார்கள். அது கொட்டாவி விட்டது.

பிப்ரவரி 11
கிண்ணம் பரணில்.

மார்ச் 1
மதுக்கரை விழா மேடையில் அதே விடுகதையைப் போட்டேன். கூட்டம் மொத்தமும் இருபத்திரண்டில் விழுந்தது. "இது எங்க சம்பந்தியம்மா சொத்துங்க. மண்டிக் கணக்கை அவங்ககிட்டத்தான் படிக்கோணும்" என்று வாயாரப் புகழ்ந்தேன். சொந்தச் சரக்குக்கு என்றைக்கு இத்தனை கைதட்டல் கிடைத்தது எனக்கு?

மார்ச் 16
தாராபுரம். மடியில் போட்டதும் அங்காத்தாள் சிரித்தாள். அந்தப் பெயருக்கேற்ற அதிகாரமான சிரிப்பு. பிடித்துத்தான் போகிறது.

திரும்பும்போது மண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். காய் எண்ணிக்கொண்டிருந்த வேலையாள் அன்புமணியிடம், லாபக்காயை எப்போது எடுத்து வைப்பீர்கள் என்று ஆசையாய்க் கேட்டேன்.

"லாபக்காய்ங்களா? எங்க மண்டியில யாருக்கும் குடுக்கறதில்லீங்களே. அம்மா பொறுப்புக்கு வந்த அன்னைக்கே நிறுத்திப்போட்டாங்க."