ஊசிக்கு முன் ஒரு கேள்வி

பட்டறை, திங்கள் மத்தியானம்.

என்னவளுக்கு,

மடங்கி இறுகிப்போன விரல்களால் நீ இதைப் பிரிக்க முடியாது. உன் அண்ணன்தான் வாசித்துக் காட்டுவார்.

ஸ்கேன் எடுத்தவனை நாங்கள் அடித்தது உனக்குத் தெரியும். ஸ்கேன் சென்டரின் பின்பக்கம், பட்டறைக் கம்பியால் அடித்தேன். தாடை உடைந்த சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை. ஸ்கேன் படம் தெளிவாக விழ அவன் போட்ட சாய ஊசியால்தான் உன் தோல் பலகையானது, நுரையீரலும் இறுகுகிறது என்று டாக்டர் சொன்னாரே. "டயாலிசிஸ் பண்றவளுக்கு அதப் போடலாமாடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். உன் அண்ணன் அவன் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்.

அவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, "நான் கேட்டேனே சார்" என்றான்.

"பொய் சொல்றான், இன்னும் போடுங்க" என்றார் உன் அண்ணன். போட்டேன்.

அவன் கேட்டான். ஸ்கேன் அன்று, நீ உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்தாய். "கிட்னில ஏதாவது பிரச்சனை இருக்கா சார்?" என்றான். இருக்கிறது என்றால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், மறுபடி லீவு போட வேண்டும். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சீக்கிரம் முடிங்க" என்றேன்.

மச்சான், இந்த இடத்தைத் தாண்டிப் போகாமல் அவளுக்கு வாசியுங்கள். பட்டறைக் கதவை நான் தாழிடவில்லை. கம்பியும் இங்கேதான் இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்