ரோஸ்லின், திருச்சிக்காரிகளை அளந்து பார்த்தேன்

கூடப்பிறக்காமலே எனக்குக் கூடப்பிறந்தவளான என் ரோஸ்லினுக்கு,

நாளைக் காலை பத்து மணிக்கு அரையிறுதி. திருச்சி அணியோடு. நம் கல்லூரி கூடைப்பந்தில் இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை, அதுவும் நீ இல்லாமல். உன் அம்மா உவரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறாள். நீ ஆடும்போது ஒரு நாள்கூட வந்து பார்க்கவில்லையே என்று போனில் அழுதாள். "ஒங்களையாவது பாத்துட்டு வாரேன் பிரின்ஸி" என்றாள். சித்தி முன்னால் தோற்க எனக்கு மனசில்லை.

எதிரணியை எடைபோடுவது எப்போதும் உன் வேலை. கேலரியில் கடலையைக் கொறித்துக்கொண்டே, "இவ உயரந்தான் ஏட்டி, மூச்சு கெடையாது" என்று நீ சொன்னால் அப்படியே நடக்கும். ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு அந்த வேலைக்கு ஆளில்லை. நேற்று மத்தியானம் திருச்சி ஆட்டத்தைப் பார்க்க நானே போனேன். மும்தாஜையும் கூட்டிப்போனேன். மேலப்பாளையத்துப் பெண், முதலாமாண்டு, உன் இடத்துக்கு வந்தவள். நன்றாக ஆடுகிறாள். ஆனால் உன்னைப்போல இடதுகைக்காரி இல்லை. இடது மூலையில் நிற்கமாட்டாள், கூடைக்கு அடியில்தான் புகுவாள்.

திருச்சியின் ஒன்பதாம் நம்பர் இருக்கிறாளே, நல்ல நெட்டப்பனை. ஆனால் வலது பக்கம் மட்டும்தான் பந்தைத் தட்டி ஓடுகிறாள். மூன்றாவது குவார்ட்டரிலேயே முழங்காலில் கையை ஊன்றிவிட்டாள். எனக்கு ஒரே குஷி. "மடக்கிரலாம், எழுதிக்கோ" என்று மும்தாஜிடம் சொன்னேன்.

ஆட்டம் முடிந்ததும் திருச்சி அணிப் பெண்கள் இரண்டு பேர் எங்களுக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். காலையில் எங்கள் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் சுடிதாரில் இருந்ததால் அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அந்தப் பாளையங்கோட்டை கேப்டனை நெருக்கினா போதும்டி. பார்க்காமலே இடது மூலைக்குத் தூக்கிப் போட்டுடுறா. அங்க ஆளே இல்ல!"

"நான் போய் அங்க நின்னுக்கிறேன். பந்து தானா வரும்."

சிரித்தார்கள். அவர்கள் சொன்ன கேப்டன் நான்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து ரெண்டில் ஒன்று பார்த்திருப்பேன். மும்தாஜ் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்கக்கா. அவளுவ சொல்லுதது நெசந்தான்."

"என்ன நெசம்?"

"மூணு மாசமா அங்கனதான் போடுதீய. ரோஸ்லின் அக்காவுக்குப் போடுதீயன்னு எல்லாருக்கும் தெரியும். அதான் ஒருத்தியும் வாயத் தொறக்கல. எப்படிக்கா சொல்ல?"

நான் வெளியே எறிந்த பந்தையெல்லாம் நம் அணிப் பெண்கள் ஓடிப்போய் எடுத்து வந்து, என் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். கை வழுக்கிவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கை உன்னைத் தேடுவது ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியாமல் போனது எப்படி, ரோஸ்லின்? நீ இருந்திருந்தால் என்னை நார்நாராகக் கிழித்திருப்பாய். நீ இருந்திருந்தால் அந்தப் பந்தைப் பிடித்துமிருப்பாய்.

ஹாஸ்டல் வரும்வரை அழுதேன். வந்த பிறகு வீம்புதான் மிச்சம்.

இன்று காலை வெயில் ஏறும்வரை ஒரே பயிற்சி. இடது பக்கம் திரும்பி, கையை ஓங்கி, கடைசி நொடியில் மும்தாஜுக்குக் கொடுக்க வேண்டும். சொல்வது சுலபம். பந்து தன் பாட்டுக்கு உன் மூலைக்கே போகிறது. "அக்கா, நான் இங்கன நிக்கேன்!" என்று கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. எத்தனையாவது தடவையோ, பந்து அவள் கைக்குப் போய்க் கூடையில் விழுந்தது. அதற்குப் பிறகு நான் தப்பவிடவில்லை. சந்தோஷமாக இருந்தது. உனக்குத் துரோகம் செய்ததுபோலவும் இருந்தது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாளைக்கு அந்தத் திருச்சிக்காரி உன் மூலையில் வந்து நிற்பாள். நிற்கட்டும். என்னை நெருக்குவார்கள். நான் உன் பக்கம் திரும்புவேன், கையை ஓங்குவேன், "ரோஸ்லின்!" என்று உன் பெயரைச் சொல்லியே கூப்பிடுவேன். சித்தி காதில் விழுந்தால் விழட்டும். பந்தை மட்டும் உனக்குத் தரமாட்டேன். இது சத்தியம். கோவிச்சுக்கிடாத ஏட்டி.

உன் பெரியம்மா மகள்,
பிரின்ஸி