முதல் மணியோடு வீட்டுக்குப் போனவள்

டீச்சர்,

ஆறாம் வகுப்புக்குள் நுழைந்தால் இன்னும் இலவசப் பைகளின் ரெக்சின் வாசம் அடிக்கிறது. ஜூன் வந்தாலே இந்த வாசம்தான். இந்த ஜூனில் நீங்கள் இல்லை.

உங்கள் தொடக்கப்பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் நீங்கள் ஒருவர்தான். ஏப்ரலில் ஒருநாள் ஐந்தாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு எங்கள் உயர்நிலைப்பள்ளிக்கு நடந்தே வருவீர்கள். அனுமதி தர மாட்டார்கள். லீவு போட்டுவிட்டு வருவீர்கள். பிள்ளைகள் என் வகுப்பில் உட்காருவார்கள். நீங்கள் கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க.

போன வருடம் முதல் மணி அடித்ததும் நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

"ஏய், எங்கிட்டு கெளம்பிட்டீங்க? ஒக்காருங்க. சார்தான் போறாரு, பள்ளிக்கூடம் எங்கயும் போகல."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "இதுக்கா டீச்சர் ஒரு லீவ வீணாக்குறீங்க?"

"ஒங்க ஸ்கூல்ல பீரியடுக்கு ஒரு சார். எங்க புள்ளைக அஞ்சு வருசமா இந்த ஒரு மூஞ்சியத்தான் பாத்திருக்கு."

"பாவம் புள்ளைக" என்றேன். என்னைவிடச் சத்தமாகச் சிரித்தது நீங்கள்தான்.

பிப்ரவரியில் அன்னவாசல் சாலையில் லாரி உங்கள் ஸ்கூட்டியை அடித்தது. உங்கள் இடத்துக்கு இன்றுவரை யாரையும் போடவில்லை. வாரத்தில் மூன்று நாள் யாரோ வந்து கதவைத் திறக்கிறார்கள். ஏப்ரலில் பிள்ளைகளை யாரும் கூட்டிவரவில்லை. நான் போய்க் கூட்டி வந்திருக்கலாம். இரண்டு கிலோமீட்டர்தான். தோன்றவும் செய்தது. திருத்த வேண்டிய விடைத்தாள் கிடக்கிறதென்று விட்டுவிட்டேன்.

உங்கள் காளீஸ்வரி ஆறாம் வகுப்புக்கு வந்த முதல் நாள், முதல் மணி அடித்ததும் நான் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டேன். அவள் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். கேட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் பையன்கள் பேர் வைத்துவிட்டார்கள். "ஏய் ஒத்த பீரியடு, மணி அடிச்சிருச்சு, வீட்டுக்குப் போகல?" முதல் தடவை கேட்டபோது எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். நான்காம் நாளிலிருந்து வரவில்லை.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். "பேரு நம்ம கணக்குல ஏறிருச்சுல்ல சார்? வருகை போட்டு விடுங்க. இடைநிற்றல்னு காட்டுனா ஆயிரம் கேள்வி வரும்." அவள் இல்லாத வகுப்பில் அவளுக்குத் தினமும் வருகை விழுகிறது. போடுவது என் கைதான். என்னை உதவாக்கரையென்று திட்ட வேண்டுமென்றால், திட்டுங்கள்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா நூறு நாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அடிச்சும் பாத்துட்டேன் சார். எங்க டீச்சர் வந்து கூட்டிட்டுப் போகட்டுங்குது. அவங்க செத்தது அதுக்குந் தெரியும். மாலை போட்டுட்டு வந்த புள்ளதான்."

காளீஸ்வரி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். இனி யாரும் கேலி செய்ய மாட்டார்கள் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"சார், நான் வந்தா நீங்க அடுத்த பீரியடும் இருப்பீங்களா?"

"வேற சார் வருவாரும்மா. அவரும் நல்லவருதான்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

பொய்யாகவாவது இருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். வந்திருப்பாளோ என்னவோ. இன்றைக்கும் முதல் மணி அடித்தது. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். பிறகு எட்டாம் வகுப்புக்குப் போனேன்.