முன் வரிசைச் செங்கல்

விடியற்காலை பெய்த மழையில் முற்றத்துச் செங்கற்கள் நனைந்துவிட்டன. மேலே மூடியிருந்த தறப்பாளின் ஒரு மூலையைக் காற்று தூக்கியிருந்தது. அதை இழுத்துக் கட்டப் போனபோது நனைந்த செங்கல்லின் வாசனை எழுந்தது. மழை வாசனையைப் பற்றி மற்றவர்கள் இனிமையாக எழுதுவதை வாசித்திருக்கிறேன். எனக்கு இருபத்தைந்து வருடங்களாக அது பயத்தின் வாசனை.

ஏன் என்று உனக்குத் தெரியும்.

விடுதியில் என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் உன்னுடையது. நான் கல்முனை, நீ இறக்காமம். பல்கலைக்கழகப் படிப்பு இலவசம் என்று ஊரில் எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். சாப்பாடும், போட்டோக்கொப்பியும், மலைநாட்டுக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டரும் இலவசமில்லை என்பதை நாம் போய்த்தான் அறிந்தோம். உதவிப்பணம் மாதக்கணக்கில் பிந்தி வரும். என் உம்மா சீட்டுப் பிடித்து அனுப்பினார். உன் வாப்பா செங்கல் விற்று அனுப்பினார்.

நம் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். நீ பிறந்த வருடத்திலிருந்து, ஒவ்வொரு போகமும் நெல் விற்ற கையோடு உன் வாப்பா வாங்கி வாசலில் அடுக்கியவை அந்தக் கற்கள். நீ அதைப் பகிடியாக்கினாய். தபாலில் காசுக்கட்டளை வந்ததும், சமையலறைக் கல்லைக் கணக்குப் பார்த்து, "இந்த மாசம் நாம குசினிச் சுவரத் தின்னுறம்கா" என்பாய். எந்தச் செலவையும் கல்லாக மாற்றித்தான் சொல்வாய். ஒரு நாள் கன்டீனில் நான் ரோல்ஸ் கேட்டபோது விரலை நீட்டினாய்.

"உனக்கு மூணு கல்லு. நாளைக்கு என்ட வீட்டுக் கக்கூஸுக்குச் சுவர் இல்லாட்டி நீதான் வந்து மறைச்சி நிக்கணும்."

மூன்றாம் வருட விடுமுறையில் உன்னோடு இறக்காமம் வந்தேன். தெருவிலிருந்து பார்க்க, தென்னோலைக் கிடுகு போர்த்த அடுக்கு நிறைவாகத்தான் நின்றது. "பாத்தியா, குசினி மட்டுந்தான் போயிரிக்கி. ரெண்டு அறையும் விறாந்தையும் முழுசா நிக்கிது" என்று காட்டினாய். கோழி எங்காவது முட்டையிட்டிருக்கும் என்று பின்பக்கம் போனாய். நெடுநேரம் நீ வராததால் நானும் வந்து பார்த்தேன்.

பின்னால் கல்லே இல்லை. தெருவைப் பார்த்த ஒரே ஒரு வரிசை, முந்திய இரவு மழையில் நனைந்த வாசனையோடு, முண்டு கொடுத்த பலகையில் சாய்ந்து நின்றது. மிச்சம் வெறும் தரை. அதில் கோழி அடை கிடந்தது. உன் வாப்பா பின்னாலிருந்தே எடுத்து விற்றிருந்தார். ஊர் கண்டால் மாப்பிள்ளை வராது என்று ஒரு பயம். நீ கண்டால் படிப்பை விட்டுவிடுவாய் என்று இன்னொரு பயம்.

நீ கிடுகைச் சரிசெய்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாய்.

"கல்லெல்லாம் பாத்தீங்களா புள்ள?" என்று வாப்பா கேட்டார்.

"ஓம் வாப்பா. நிறைய இரிக்கி."

நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். அவர் என்னைப் பார்த்தார். நான் மீன் முள்ளைத் தேடினேன்.

அதற்குப் பிறகு கல் பகிடி இல்லை. காலைத் தேநீரை நிறுத்தினாய். சோதனை பிந்தும், படிப்பு நீளும் என்று யாராவது சொன்னால் உன் முகம் வெளுத்துவிடும். ஒரு முறைதான் அதைப் பற்றிக் கதைத்தாய், நூலகப் படியில்: "வாப்பா முன்னுக்கிருந்து எடுத்திரிக்கலாம்கா. மொத வருசமே பயந்திருப்பன்தான். ஆனா ரெண்டு பேருமாப் பயந்திரிப்பம்."

பட்டம் வந்தது, ஆசிரியர் வேலை வந்தது, வீடு வரவில்லை. வீடு கேட்காத மாப்பிள்ளை ஒருவர் கிடைத்தார். கடற்கரைத் தெருவில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு நீ போனாய். கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் அந்தத் தெருவில் ஒன்றும் மிஞ்சவில்லை.

சொந்த வீடு இருந்திருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று கல்லையும் கடலையும் முடிச்சுப் போடுகிறவர்களோடு நான் வாதாடுகிறவள். சொந்த வீட்டில் இருந்தவர்களையும்தான் அது கொண்டுபோனது. ஆனாலும் உன் வீடு இறக்காமத்தில், கடல் எட்டாத தூரத்தில் இருந்திருக்கும்.

என் மகள் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியில் மயிரிழையில் தவறி, கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் காசு கட்டிப் படிக்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. அவளுடைய வாப்பா கட்டாரிலிருந்து அனுப்புவது வங்கிக் கடனுக்கே சரி. வீட்டுச் சீதனத்தை எதிர்த்துக் கூட்டங்களில் கதைத்த நானும், அவள் பிறந்ததிலிருந்து கல் அடுக்கியிருக்கிறேன். இதுவரை இரண்டு முறை விற்றேன். இரண்டு முறையும் பின்னாலிருந்துதான். போன கிழமை தொலைபேசியில் அவள், "கல்லு இரிக்கிதானே உம்மா, அத நம்பித்தான் நான் நிம்மதியாப் படிக்கிறன்" என்று சிரித்தாள். உன் வாப்பா அன்று என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மழை விட்டதும், இந்தத் தவணைக்காக நான் வரச் சொல்லியிருந்த கல் வியாபாரி, பெட்டி பூட்டிய உழவு மெசினைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினார்.

"ராத்தா, போன முறை போல பின்னுக்கால எடுக்கட்டா?"

"முன்னுக்கிருந்து எடுங்க."

"றோட்டுக்குத் தெரியுமே ராத்தா. பொம்புளப் புள்ள இரிக்கிற ஊடு. சனம் கதைக்கும்."

"தெரியட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஏற்றத் தொடங்கினார். முன் வரிசை இறங்கியதும், அதற்குப் பின்னால் இருக்க வேண்டியது இல்லை என்பது தெருவுக்குத் தெரிந்தது. எதிர்வீட்டு யன்னல் ஒன்று திறந்தது. தறப்பாளை மடித்து வீட்டுக்குள் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மகள் பஸ்ஸால் இறங்கி வந்து கேற்றைத் திறந்ததும் இதைத்தான் காண்பாள். படிப்பை விடுகிறேன் என்று சொல்வாளோ? சொன்னால் நான் என்ன செய்வேன்? இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதுவரைக்கும் நீயும் நானுமாகப் பயந்திருப்போம்.