எடுத்து வைத்த ஷூ

அன்புச் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அத்தையும் இங்கே நன்றாக இருக்கிறோம், காலில் இரண்டு கொப்புளம் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் அங்கே கொப்புளம்கூட இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நேற்று போனில் முடிச்சுட்டேன்டி என்று மட்டும் சொன்னேன், அதற்குள் நீ அழுதாய், நான் அழுதேன், ரெண்டு பேரும் அழுதா யாருதான் பேசுறது என்று அத்தை போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். அப்புறம் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, ஏம்மா உன் காலையே காணோம் என்று கேட்டிருந்தாய். உனக்கு எதிலும் மூக்கில் வியர்த்துவிடும். ஆமாம், காலை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன், வேண்டுமென்றேதான். போனில் சொன்னால் வரிக்கு வரி திட்டுவாய், கடிதம் என்றால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுத்தானே திட்ட முடியும், அதனால்தான் இன்றைக்கு லீவு போட்டுவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நின்று நின்று எனக்குக் கால் வீங்குகிறது என்று, நாலு வருடத்துக்கு முன்னால் நீ பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஊதா ஷூ அனுப்பினாயே, அதை நான் நேற்றுக்கு முன்னால் ஒரு நாள்கூட வாசலைத் தாண்டிப் போட்டதில்லை. வந்த அன்றைக்கு மாட்டிப் பார்த்தேன், அதுவும் அழுக்காகிவிடக் கூடாது என்று கட்டில் மேலே நின்றுகொண்டு. பஞ்சு மாதிரி இருந்தது. அப்படியே கழற்றி, உள்ளே காகிதம் அடைத்து, இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, அந்துருண்டை போட்டு பீரோவில் வைத்துவிட்டேன். உனக்குத்தான் தெரியுமே என்னை, நல்லது எது வந்தாலும் எனக்குக் கை தானாக பீரோவுக்குப் போகும். நீ ஒவ்வொரு தடவையும் ஷூ எப்படிம்மா இருக்கு என்று கேட்பாய், நான் பஞ்சு மாதிரி இருக்குடி என்பேன், அது பொய் இல்லை, கட்டில் மேலே நின்றபோது அப்படித்தானே இருந்தது. நாலு வருஷமா உழைக்குதா என்று நீ ஆச்சரியப்பட்டபோது மட்டும் கொஞ்சம் நெஞ்சு குறுகுறுத்தது. நேற்றைய பத்து கிலோமீட்டர் போட்டிக்கான பயிற்சி ஓட்டமெல்லாம் நான் மார்க்கெட்டில் வாங்கிய பழைய கறுப்பு ஷூவில்தான் ஓடினேன். போட்டி அன்றைக்கு உன் ஷூவைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும் என்று வைத்திருந்தேன். அன்றைக்கு நீ என் கூடவே ஓடுகிற மாதிரி இருக்கும் என்று ஒரு ஆசை, வேறொன்றும் இல்லை.

இந்த ஓட்டம் எதற்காக என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எனக்குச் சொல்லித் தீர்க்க வேண்டும். போன வருடம் நுரையீரலில் சளி கட்டி மூன்று வாரம் படுத்துக் கிடந்தேனே, நீ லீவில் வந்தபோது நான் ஒவ்வொரு படிக்கும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதைப் பார்த்தாய், அன்றைக்கே உன் மனதில் ஏதோ முடிவு கட்டிவிட்டாய். விமான இன்ஜினைக் கழற்றி மாட்டுகிற படிப்பு, மூன்று தடவை பரீட்சை எழுதிக் கிடைத்தது, இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி, அதை உதறிவிட்டு வந்து எனக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கப் போகிறேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும். கெஞ்சினேன், திட்டினேன், நீ கேட்கவில்லை. கோபத்தில்தான் அன்றைக்குப் போனில், நான் பத்து கிலோமீட்டர் ஓடிக் காட்டினா நீ அங்கேயே இருப்பியாடி என்று கேட்டுவிட்டேன். உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது, என்னிடமிருந்துதானே, ஆறு மாசம் டைம் தர்றேன், ஒன்றரை மணி நேரத்துக்குள்ள ஓடு, இருக்கேன், இல்லைன்னா அந்த மாசக் கடைசியில விலகல் கடிதத்தைக் கொடுத்துட்டு வந்துடுவேன் என்றாய். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். பஸ்ஸுக்கு ஓடியே பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

ஆறு மாதம் ஓடினேன். டாக்டரும் இரண்டு தடவை சோதித்துவிட்டு, ஓடலாம், மூச்சு முட்டினா மட்டும் வீம்பு பிடிக்காம நிறுத்திடணும் என்றார். அத்தைதான் என்னை ஒரு வழி பண்ணிவிட்டாள். அண்ணி, யாரு துரத்துறாங்க உங்களை என்று மாடியிலிருந்து கத்துவாள், தெருவே சிரிக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் சாயங்காலம் உன் ஷூவை வெளியே எடுத்தேன், அப்படியே கடையில் இருந்து வந்த மாதிரி பளபளவென்று இருந்தது. அந்துருண்டை நாற்றம் போகட்டும் என்று ஜன்னலில் வைத்தேன். அதோடு நிறுத்தினேனா, இனி எதற்கு இந்தச் சனியன் என்று கறுப்பு ஷூவைக் கொண்டுபோய்க் குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தேன். என் புத்தியை எதால் அடிப்பது, நீயே சொல்.

நேற்றுக் காலை மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். புறப்பட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எல்லாரையும் நிற்க வைத்துக் குதிக்கச் சொன்னார்கள், உடம்பு சூடாக வேண்டுமாம். நாலு தடவை குதித்தேன், காலுக்கடியில் ஏதோ பொருபொருவென்றது, மண் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் ஊதா ஷூவைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக ரஸ்க் தூள் மாதிரி உதிர்ந்து கிடக்கிறது. இடது காலைத் தூக்கினேன், ஷூ மேலே வந்தது, சோல் தரையிலேயே நின்றது. வலது கால் முன்பக்கம் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை. கண்ணுக்கு முன்னால் நீ பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நிற்கிற மாதிரியே இருந்தது.

எங்கள் கூடத்தில் இஸ்திரி போடுகிற மடிப்பு அண்ணனும் ஓட வந்திருந்தார், அவருக்கு ஏன் அந்தப் பெயர் என்று அவருடைய கால்சட்டையைப் பார்த்தாலே தெரியும், நேற்று ஓட்டத்துக்கும் மடிப்பு வைத்துத்தான் வந்திருந்தார். அவர் பையில் எப்போதும் ஒரு சுருள் துணி டேப் இருக்கும், துவைத்த மூட்டைகளுக்கு எண் எழுதி ஒட்டுகிற அதே டேப். மனிதர் என்னைக் கீழே உட்கார வைத்து, பேசாம இருங்கம்மா, மூட்டை மூட்டையா கட்டுறோம், இது என்ன பெரிய விஷயம் என்று சொல்லி, சோலையும் ஷூவையும் சேர்த்துச் சுற்று சுற்றென்று சுற்றினார். டேப்பில் ஏற்கெனவே எழுதியிருந்த எண்ணும் சேர்ந்து வந்துவிட்டது. வார்டு ஏழு, தலையணை உறை, முப்பது என்று காலில் எழுதிக்கொண்டு உன் அம்மா ஓட ஆரம்பித்தாள்.

ஒரு கிலோமீட்டர் நன்றாகப் போனேன். இரண்டாவதில் டேப் சூடேறி வழுக்க ஆரம்பித்தது. மூன்றாவது கிலோமீட்டரில், கிடங்குகள் வரிசையாக இருக்கிற அந்த வளைவில், இடது சோல் மொத்தமாகக் கழன்று பின்னால் விழுந்தது, வலது காலில் டேப் கொத்தாகத் தொங்கியது, தார் ரோட்டுக் கல் ஒவ்வொன்றும் காலுக்குத் தெரிந்தது. நின்றுவிட்டேன். எல்லாரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள். ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் கடைசியில் வரும், அது தூரத்தில் வருவது தெரிந்தது. மூச்சு நன்றாக இருக்கிறது, கால் நன்றாக இருக்கிறது, ஷூ இல்லை என்பதற்காக என் மகளின் படிப்பு போகப் போகிறதே என்று அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

உன் அத்தை அந்த வளைவில்தான் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். கேலி பண்ணத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், என் காலைப் பார்த்தாள், பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து தன் ஷூவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். கடையில் கல்லாவில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள் இல்லையா, நல்ல தடித்த சோல் போட்ட ஷூ, தினமும் போட்டுப் போட்டுப் பதமானது. எனக்கு ஒரு அளவு பெரிது. தன் சாக்ஸையும் கழற்றி என் சாக்ஸுக்கு மேலே மாட்டிவிட்டாள். அவளே முடிச்சுப் போட்டாள். நீ எப்படிடி வீட்டுக்குப் போவே என்றேன். எனக்கு என்ன, நடந்து போவேன், நீங்க ஓடுங்க அண்ணி, அவ மட்டும் திரும்பி வந்தான்னு வெச்சுக்குங்க, நம்ம ரெண்டு பேரையும் நாற்காலியில உட்கார வெச்சு வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்தே கிழவி ஆக்கிடுவா என்று சொல்லி முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். சிரிப்பும் அழுகையுமாக எழுந்து ஓடினேன். அவளைப் பற்றி உன்னிடம் எத்தனை குறை சொல்லியிருக்கிறேன், அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், மீதி பாதி உண்மைதான்.

அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. ஷூ தப்புத் தப்பென்று அடித்தது, கொப்புளம் வந்தது, வேன் பின்னால் உறுமிக்கொண்டே வந்தது, எட்டாவது கிலோமீட்டரில் அது என் பக்கத்தில் வந்தது, ஏறிக்கறீங்களாம்மா என்று கேட்டார்கள், நான் பார்த்த பார்வையில் மறுபடி பின்னாலேயே போய்விட்டார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டியபோது பெரிய கடிகாரத்தில் ஒரு மணி இருபத்தெட்டு நிமிடம் பத்து விநாடி. ஒன்றரை மணிக்குள் என்றால் ஒன்றரை மணிக்குள்தான், இதில் உனக்கு ஒரு பேச்சும் இருக்கக் கூடாது. அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது, ஆனால் அது ஓடினவளுக்கு வாங்குகிற மூச்சு, நோயாளிக்கு வாங்குகிற மூச்சு இல்லை, அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது. ஒரு வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்.

இன்று காலையில், அத்தை பொறுக்கிக்கொண்டு வந்திருந்த உன் ஷூவைச் செருப்புத் தைக்கிறவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் அழுத்தினார், பொடியாக வந்தது. எத்தனை நாள் போட்டீங்க என்றார், மூன்று கிலோமீட்டர் என்றேன். மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். போட்டு நடந்திருந்தா நல்லா உழைச்சிருக்கும்மா, பூட்டி வெச்சதுலதான் உள்ளுக்குள்ளேயே இத்துப்போச்சு என்றார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பீரோவைத் திறந்தேன். நீ வாங்கிக் கொடுத்த படுக்கை விரிப்பு, கண்ணாடிக் கோப்பைகள், அந்தப் பச்சை ஸ்வெட்டர் எல்லாம் இப்போது வெளியே. கோப்பையில் ஒன்றை அத்தை அதற்குள் உடைத்துவிட்டாள், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளே பயந்துபோய் உடம்பு சரியில்லையா அண்ணி என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வேறு விசேஷம், சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, ஆள் நாளைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்கிறான். என்னை மறுபடி துவைக்கிற பகுதிக்கே போட்டுவிட்டார்கள், காய்ச்சலுக்கு அப்புறம் கொடுத்திருந்த மேஜை வேலை அலுத்துப்போயிருந்தது, சரி என்றுவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடு, இன்ஜின் பக்கத்தில் நிற்கும்போது காதில் அடைப்பு வைத்துக்கொள், போன தடவை போனில் கத்திக் கத்திப் பேசினாய், எனக்குக் கவலையாக இருந்தது. தலைமுடியை முடிந்துகொண்டு வேலை செய். அந்த விலகல் கடிதத்தை இன்றைக்கே கிழித்துவிடு, கிழித்த துண்டுகளைப் படம் எடுத்து அனுப்பு, வாயால் சொன்னால் நம்ப மாட்டேன், எனக்கும் பஞ்சு மாதிரி இருக்கு என்று சொல்லத் தெரியும்.

எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும். உனக்கு லீவு கிடைத்தால் வா, எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கும். ஆனால் ஒன்று கண்ணு, இனிமேல் என்னைப் பார்த்துக்கொள்ள வராதே, என்னைப் பார்க்க வா.

ஒரு மணி இருபத்தெட்டு நிமிடத்தில் ஓடி முடித்த
உன் அம்மா